புதுக் கைபேசி வாங்கினால் இணைப்பு நிறுவனத்தையும் மாற்ற வேண்டுமா?

ஆறு ஆண்டுகள் உழைத்த என் கைபேசி சென்ற ஆவணி மாதத்தில் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்துவிட்டு, சார்ஜ் போடும் துளையை மாற்றிவிடலாம், ஆனால் பேட்டரியும் உப்பியிருக்கிறது, இரண்டுக்கும் செலவழிப்பதைக் காட்டிலும் புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்றார். தென்காசியில் ஒரு கைபேசிக் கடைக்குப் போய், பதினெட்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு 5ஜி கைபேசியைத் தேர்ந்தெடுத்தேன். பில் போடும் நேரத்தில் கடையிலிருந்த தம்பி கேட்டார்: “சிம் எந்தக் கம்பெனி அண்ணாச்சி? அதுவா? அப்போ இந்த போன வாங்கி என்ன செய்ய? நம்பர இந்தக் கம்பெனிக்கு மாத்திருங்க. இங்கயே அஞ்சு நிமிஷத்துல முடிச்சுத் தாரேன், பின்பக்க கவரும் கண்ணாடியும் சும்மாவே போட்டுத் தாரேன்.”

கைபேசியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்விதானா என்பது மனத்தை விட்டு அகலவில்லை. அதற்கு விடை காண எனக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரங்களில் நான் சோதித்துப் பார்த்ததையும், கடைசியில் அதே எண்ணோடு நிறுவனம் மாறிய அனுபவத்தையும், அந்த எண் மாற்றும் சேவையின் நிறை குறைகளையும் இங்கே எழுதுகிறேன். என் பழைய நிறுவனத்தின் பெயரையும் புதிய நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. எங்கள் ஊரில் ஒன்று மற்றொன்றை வென்றது என்பதால் பாவூர்சத்திரத்திலோ கடையநல்லூரிலோ அப்படியே இருக்கும் என்று சொல்ல இயலாது. பெயரைச் சொன்னால் படிப்பவர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

முதலில், கைபேசியும் இணைப்பும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2007இல் ஐபோன் வெளிவந்தபோது அது ஏடி அண்டு டி நிறுவனத்தின் இணைப்போடு மட்டுமே விற்கப்பட்டது. போட்டி நிறுவனமான வெரைசனின் வாடிக்கையாளர்களுக்கு அது கிடைக்க 2011 பிப்ரவரி வரை ஆயிற்று. அந்த நான்காண்டுக் காலத்தில் அங்கே ஒரு கைபேசிக்காக நிறுவனம் மாறுவது என்பது உண்மையிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயமாக இருந்தது. இன்றும் அங்கே கைபேசியின் விலையை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மாதாமாதம் கழித்துத் தந்து, அதன் மூலம் வாடிக்கையாளரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது.

நம் நாட்டிலும் இதன் சாயல்கள் வந்து போயின. 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி கொடுத்தபோது, அது சிடிஎம்ஏ முறையில் இயங்கிய கருவி. சிம்மைக் கழற்றி வேறொன்றைப் போட அதில் வழி கிடையாது. 2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது ஏர்டெல்லும் வோடஃபோனும் அதை விற்றன; குறைந்த விலையே 31,000 ரூபாய். 2017இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோ ஃபோனும் ஜியோ இணைப்பில் மட்டுமே இயங்கியது. இவற்றைத் தவிர்த்துப் பார்த்தால், இந்தியாவில் கடையில் முழு விலை கொடுத்து வாங்கும் கைபேசி எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்பட்டதன்று. நான் வாங்கியதும் அப்படித்தான். ஆகவே கைபேசிக்காக மாறியாக வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை என்பது முதல் நாளே தெளிவாகிவிட்டது.

ஆனால் கடைத் தம்பி சொன்னதை முழுப்பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு கைபேசி ஒரு நிறுவனத்தின் இணைப்பில் எவ்வளவு நன்றாக இயங்கும் என்பது, அந்த நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகளைக் கைபேசி ஏற்கிறதா என்பதைப் பொறுத்தது. 2022 ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் 1 அன்று முடிந்த 5ஜி ஏலத்தில், 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வாங்கியது ஜியோ மட்டுமே. அந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். அதோடு 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் ஜியோவிடம் உண்டு. அது வேகம் மிகுந்தது, எட்டும் தூரம் குறைந்தது. ஏர்டெல் 700ஐ வாங்காமல் 3300ஐயும், தன்னிடமிருந்த 900, 1800, 2100 அலைவரிசைகளையும் நம்பியது. ஜியோவின் 5ஜி 4ஜியின் துணையில்லாமல் தனித்து நிற்கும் முறையில் அமைந்தது. ஏர்டெல் பெரும்பாலும் 4ஜியை ஊன்றுகோலாகக் கொண்டு 5ஜியைத் தரும் முறையில் தொடங்கியது. வோடஃபோன் ஐடியா 2025 மார்ச்சில்தான் மும்பையில் 5ஜியைத் தொடங்கி, அதன்பின் ஒவ்வொரு நகரமாக விரித்து வருகிறது. பிஎஸ்என்எல் 2025 செப்டம்பர் 27 அன்றுதான் தன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையை நாடு தழுவிய அளவில் முறைப்படி தொடங்கியது. அதுவும் 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகிறது.

இதைப் படிக்கும்போது நுணுக்கமாகத் தோன்றினாலும், கடையில் நிற்கும் ஒருவருக்கு இது நேரடியாகப் பயன்படும். கைபேசியின் பெட்டியிலோ தயாரிப்பாளரின் இணையதளத்திலோ அலைவரிசைகளின் பட்டியல் இருக்கும். அதில் 5ஜி என்ற தலைப்பின் கீழ் என்28, என்78 இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதலாவது 700 மெகாஹெர்ட்ஸைக் குறிக்கும், இரண்டாவது 3300ஐ. பிஎஸ்என்எல் இணைப்பு வைத்திருப்பவர்கள் 4ஜி தலைப்பின் கீழ் 28ஆம் பட்டை, அதாவது 4ஜிக்கான 700 மெகாஹெர்ட்ஸ், இருக்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. அது இல்லாத பழைய மலிவுக் கைபேசிகளில் அந்த நிறுவனத்தின் 700 மெகாஹெர்ட்ஸ் டவர் வீட்டு வாசலில் நின்றாலும் பயன் இல்லை. என் புதிய கைபேசியில் இவை எல்லாமே இருந்தன. அதாவது, அந்தக் கைபேசி எந்த நிறுவனத்தையும் ஏற்கத் தயாராக இருந்தது. இனி எஞ்சிய கேள்வி, எந்த நிறுவனத்தின் டவர் எங்கள் வீட்டை எட்டுகிறது என்பதுதான்.

அதற்கு விடை காண்பதற்குப் பலரும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். நானும் விசாரித்தேன். தெருமுனை வீட்டில் ஒரு நிறுவனத்தைப் புகழ்ந்தார்கள். நான்கு வீடு தள்ளி அதே நிறுவனத்தைத் திட்டினார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கக்கூடும். மேற்கே மலையும், ஊரைச் சுற்றித் தென்னந்தோப்புகளும், கான்கிரீட் கூரையுமாக இருக்கும் எங்கள் பகுதியில் ஐம்பது அடி தள்ளிப் போனாலே சிக்னல் வேறாகிவிடும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் நம் இருப்பிடத்தைக் குறித்தால் சுற்றியுள்ள டவர்களையும், அவற்றில் எந்தெந்த நிறுவனங்களின் கருவிகள் இருக்கின்றன என்பதையும் பார்க்கலாம். நிறுவனங்களும் தங்கள் சேவை எட்டும் பகுதிகளின் வரைபடத்தைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டளையிட்டிருக்கிறது. இரண்டையும் பார்த்தேன். வரைபடத்தில் எங்கள் ஊர் முழுவதும் வண்ணம் பூசப்பட்டிருந்தது. அந்த வண்ணம் வீட்டின் அடுக்களைக்குள் வருமா என்று வரைபடம் சொல்லவில்லை.

ஆகவே நான் செய்தது இது. கைபேசியில் இரண்டு சிம் போடும் வசதி இருந்தது. பழைய எண்ணை முதல் இடத்தில் வைத்துக்கொண்டு, நான் பரிசீலித்த நிறுவனத்தின் புதிய ப்ரீபெய்டு சிம் ஒன்றை ஆதார் கொடுத்து வாங்கி, 28 நாள் ரீசார்ஜ் செய்து இரண்டாவது இடத்தில் போட்டேன். கைபேசியின் அமைப்புகளில், கைபேசியைப் பற்றி என்ற பகுதிக்குள் சிம்மின் நிலை என்று ஒன்று இருக்கும். அதில் சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற அலகில், எதிர்ம எண்ணாகக் காட்டப்படும். திரையின் மேலே தெரியும் கோடுகளை நம்பாமல் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். 4ஜியில் மைனஸ் 90ஐ ஒட்டி இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110க்குக் கீழே இறங்கினால் பேச்சு விட்டுவிட்டு வரும், பேட்டரியும் வேகமாகக் கரையும். பேட்டரி கரைவதை நான் அழுத்திச் சொல்கிறேன்: சிக்னல் மெலிந்த இடத்தில் கைபேசி டவரை எட்டுவதற்குத் தன் ஒலிபரப்பு வலிமையைக் கூட்டிக்கொண்டே போகும். என் பழைய கைபேசி மதியத்துக்குள் பாதி சார்ஜை இழந்ததற்கு அதன் வயது மட்டும் காரணமில்லை என்று இப்போதுதான் புரிந்தது.

ஒரு பழைய பள்ளி நோட்டில் இரண்டு பத்தி போட்டு, நான் நாள்தோறும் இருக்கும் இடங்களில் இரு எண்களையும் எழுதிக்கொண்டே வந்தேன். வீட்டுக் கூடத்தில் பழைய நிறுவனம் மைனஸ் 112, புதியது மைனஸ் 97. அடுக்களையில் பழையது மைனஸ் 118, புதியது மைனஸ் 103. மாடியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தோப்பில் பழையதே மேல். திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகும் பேருந்தில், ஆலங்குளம் தாண்டிச் சில கிலோமீட்டர் தூரத்துக்குப் புதியது தடுமாறியது, பழையது தடுமாறவில்லை. பாளையங்கோட்டையில் அலுவலகத்தில் இரண்டிலும் 5ஜி வந்தது, இரண்டிலும் வேகம் நொடிக்கு 200 மெகாபிட்டைத் தாண்டியது. வீட்டிலோ, புதிய நிறுவனத்தின் 5ஜி குறி வாசலில் தோன்றி, கூடத்துக்குள் நுழைந்ததும் 4ஜியாக மாறியது. கைபேசி 5ஜி என்பதற்காக நிறுவனம் மாற வேண்டும் என்ற வாதம் அந்த வாசற்படியிலேயே முடிந்துபோயிற்று. ஆனால் அதே நோட்டுதான் வேறொரு காரணத்தை எனக்குக் காட்டியது. இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்குள்ளிருந்து நான் பேசும் பேச்சுகளில் பாதி அறுந்து போய்க்கொண்டிருந்தது; இரண்டாம் சிம்மில் பேசிய 28 நாட்களில் ஒருமுறைகூட அறுபடவில்லை.

கட்டணத்தையும் கணக்கிட்டேன். 5ஜி கைபேசி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது, வரம்பில்லாத 5ஜியை ஜியோவும் ஏர்டெல்லும் நாளொன்றுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் பேக்குகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டன. அப்போது அறிவித்த பட்டியலில், 84 நாட்களுக்கு நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் பேக் ஜியோவில் 799, ஏர்டெல்லில் 859 ரூபாய். 2 ஜிபி தரும் பேக் முறையே 859, 979. ஆக, அந்தப் பட்டியலின்படி 5ஜி வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 60 முதல் 120 ரூபாய் கூடுதல். பெரிய தொகை இல்லை என்றாலும், வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருக்கும் எனக்கு நாளொன்றுக்கு 1 ஜிபிகூடச் செலவாவதில்லை. இல்லாத தேவைக்குக் கூடுதல் பணம் கட்ட மனம் வரவில்லை, ஆகவே 1.5 ஜிபி பேக்கோடு நின்றேன். கைபேசி 5ஜியாகவும் பேக் 4ஜியாகவும் இருப்பதில் எந்தக் குறையையும் நான் உணரவில்லை.

வீட்டுக்குள் பேச்சு அறுபடக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக என் எண்ணைப் புதிய நிறுவனத்துக்கு மாற்ற முடிவு செய்தேன். இனி அந்தச் சேவையைப் பற்றிச் சொல்கிறேன். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி இந்தியாவில் 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. ஒரு தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து, அதாவது பெரும்பாலும் ஒரு மாநிலத்திலிருந்து, வேறு வட்டத்துக்கு மாற்றும் வசதி 2015 ஜூலை 3 முதல். இப்போதுள்ள எளிய முறை 2019 டிசம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, நம் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். தகுதி இருந்தால் யுபிசி எனப்படும் எட்டு எழுத்துக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாட்களுக்குச் செல்லும். அதைக் கொண்டுபோய்ப் புதிய நிறுவனத்திடம் கொடுத்து, ஆதாரைக் காட்டி, புதிய சிம்மை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாட்களில் மாற்றம் முடிந்தாக வேண்டும். வட்டம் மாறினால் ஐந்து வேலை நாட்கள். இந்த மாற்றத்துக்கான கட்டணமாக 2019இல் டிராய் நிர்ணயித்தது 6 ரூபாய் 46 காசு. எழுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் கைபேசியோடு திரியும் நாட்டில், ஒரு குறுஞ்செய்தியில் தொடங்கி முடியும்படி இதை வடிவமைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் எனக்கு முதல் முறை குறியீடு வரவில்லை. சோதனையின் நான்காம் வாரத்தில், பழைய சிம் ஆறு ஆண்டுத் தேய்மானத்தால் அவ்வப்போது சிம் இல்லை என்று காட்டத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் கடைக்குப் போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கினேன். இரண்டு நாள் கழித்து 1900க்கு அனுப்பிய செய்தி நிராகரிக்கப்பட்டது. காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: 2024 ஜூலை 1 முதல், தொலைந்த அல்லது பழுதான சிம்முக்கு மாற்று வாங்கினால் ஏழு நாட்களுக்குக் குறியீடு கொடுக்கக்கூடாது என்பது விதி. யாரோ ஒருவர் நம் பெயரில் மாற்று சிம் வாங்கி, உடனே எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கடத்தி, நம் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடாமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. விதியை நான் குறை சொல்லமாட்டேன். புதுக் கைபேசி வாங்கும் நேரத்தில் பழைய சிம்மையும் புதுப்பித்துக்கொள்வது பலரும் செய்வது. அப்படிச் செய்தவர்கள் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தால் போதும். இவை தவிர, இணைப்பு எடுத்தோ கடைசியாக மாறியோ 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக்கூடாது.

எட்டாம் நாள் குறியீடு நொடியில் வந்தது. குடை விரித்துத் தெருவோரம் சிம் விற்பவரிடம் போகாமல், புதிய நிறுவனத்தின் சொந்தக் கடைக்கே போனேன். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அன்று மாலை முதலே பழைய நிறுவனத்திலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. முதல் அழைப்பில் பேசிய பெண் மரியாதையாகக் காரணம் கேட்டார். வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்றேன். கட்டணத்தில் சலுகை தருவதாகச் சொன்னார். சிக்னலைப் பற்றி அவரிடம் பதில் இல்லை. அதன்பின் இரண்டு நாட்களில் பதினோரு அழைப்புகள் வந்தன. ஒவ்வொருவரிடமும் அதே காரணத்தைச் சொன்னேன், ஒவ்வொருவரும் அதே சலுகையைச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளாக இதே சிக்னல் பிரச்சினைக்காக நான் கொடுத்த புகார்களுக்கு இதில் பாதி அழைப்புகள் வந்திருந்தால், நான் மாறியே இருக்கமாட்டேன். மனம் மாறினால் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் கேன்சல் என்ற சொல்லோடு எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பி நிறுத்திக்கொள்ளலாம். நான் அனுப்பவில்லை.

இந்த மாற்றத்தில் எனக்கு நேர்ந்த உண்மையான இழப்பு வேறு. கைபேசி பழுதாவதற்குச் சில நாட்கள் முன்புதான் பழைய எண்ணுக்கு 84 நாள் ரீசார்ஜ் செய்திருந்தேன். எண் மாறிய அன்று அதில் 41 நாட்கள் மீதமிருந்தன. அவை அப்படியே போய்விட்டன. ப்ரீபெய்டில் மீதமுள்ள நாட்களோ இருப்புத்தொகையோ புதிய நிறுவனத்துக்கு வராது என்பது விதியிலேயே தெளிவாக இருக்கிறது. ஏறக்குறைய 400 ரூபாய் நட்டம். மாற நினைப்பவர்கள் பேக் முடிவதற்கு ஐந்தாறு நாட்கள் இருக்கும்போது குறியீடு கேட்டால் இது நேராது.

புதன்கிழமை விண்ணப்பித்தேன், சனிக்கிழமை விடியற்காலையில் பழைய சிம் உயிர் விட்டது. ஐந்து மணிக்கு எழுந்து புதிய சிம்மைப் போட்டேன். ஆறு மணிக்குள் முதல் அழைப்பு வந்துவிட்டது. இந்த இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. எனக்கு அதற்குள்ளாகவே முடிந்தது. வாட்ஸ்அப் ஒன்றும் கேட்கவில்லை, எண் அதேதான் என்பதால் சமையல் எரிவாயு, வங்கி, ஆதார் எதிலும் ஒன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. யுபிஐ செயலி மட்டும் சிம் மாறியதைக் கண்டுபிடித்து மறுபடி சரிபார்க்கச் சொன்னது. அதற்காகக் கைபேசியிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி வெளியே போக வேண்டும். அன்று முழுவதும் அது போகவில்லை, மறுநாள் காலையில்தான் போனது. கையில் முந்நூறு ரூபாய் ரொக்கம் இருந்ததால் அந்த நாளைக் கடத்தினேன். கைபேசியையும் சிம்மையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், வங்கிச் செயலிகளும் யுபிஐயும் புதிய கருவியையும் புதிய சிம்மையும் சேர்த்து ஐயுற்றிருக்கும். கடைத் தம்பி சொன்ன ஐந்து நிமிடம் எனக்கு ஒன்றிரண்டு நாள் அலைச்சலாக முடிந்திருக்கும். புதுக் கைபேசியில் பழைய சிம்மைப் போட்டு எல்லாச் செயலிகளையும் நிலைப்படுத்திக்கொண்டு, அதன்பின் சில நாட்கள் கழித்து நிறுவனம் மாறுவதே பாதுகாப்பு.

சோதனைக்காக வாங்கிய இரண்டாம் எண்ணை இனி ரீசார்ஜ் செய்யப் போவதில்லை. அதை வங்கியிலோ வேறெங்குமோ கொடுக்கவில்லை, அதில் வாட்ஸ்அப் கணக்கும் தொடங்கவில்லை. கைவிடப்பட்ட எண்கள் சில மாதங்கள் கழித்து வேறொருவருக்குப் போய்ச் சேரும். அவருக்கு என் செய்திகள் போகக்கூடாது. இந்தச் சோதனை முறையைப் பின்பற்றுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள்வரை இருக்கலாம் என்பதால் எண்ணிக்கை தடையில்லை. ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பழைய கைபேசியை இன்னொருவரிடமிருந்து வாங்குபவர்களுக்கும் அதே தளம் பயன்படும்: *#06# தட்டினால் வரும் ஐஎம்இஐ எனப்படும் கருவியின் அடையாள எண்ணை அங்கே கொடுத்தால், அது திருட்டுக் கருவியாகத் தடை செய்யப்பட்டதா என்று தெரிந்துவிடும்.

என் எண்ணை மாற்றியதும், அம்மாவின் எண்ணையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. “எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? நீ கூப்பிட்டா மணி அடிக்கணும், அம்புட்டுத்தான்” என்றார். அவர் பகலில் பெரும்பாலும் இருப்பது தோப்பில். அங்கே பழைய நிறுவனமே மேல் என்று நோட்டில் எழுதியிருந்தது. தவிர, 2ஜியில் மட்டும் இயங்கும் பட்டன் போன் ஜியோ சிம்மை ஏற்காது. அந்த நிறுவனத்துக்கு 4ஜிக்குக் கீழே சேவையே கிடையாது. பெற்றோரின் எண்ணை மாற்ற நினைக்கும் எவரும் அவர்கள் கையிலிருக்கும் கருவியை முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் இரண்டு நிறுவனங்கள் இருப்பது நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் நொடிந்து சேவை முடங்கியபோது, இந்த மாநிலத்தில் பிறந்து வளர்ந்த அந்த நிறுவனத்தையே நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களில் எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் ஊமையாயின. குறியீடு வாங்கி வெளியேறுவதற்கும் சிக்னல் வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பயணிகள் சிக்கிக்கொண்டிருந்த நாட்களில், தென்மாவட்டங்களில் தொடர்பு கிடைப்பதே அரிதாக இருந்தது. எந்த டவர் எப்போது சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அம்மாவின் எண் பழைய நிறுவனத்திலேயே இருக்கிறது, என் எண் புதிய நிறுவனத்தில்.

மாறி ஒரு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் ஓர் அழைப்பும் அறுபடவில்லை. மாலையில் வீடு திரும்பும்போது கைபேசியில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கிறது. ஆலங்குளம் தாண்டியபின் பேருந்தில் பேச முடிவதில்லை. அந்தக் கால்மணி நேரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டேன். எண் மாற்றும் சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். அந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது, மீதமுள்ள நாட்கள் பறிபோவதற்காகவும், சலுகை தருகிறோம் என்று ஓயாமல் அழைப்பவர்களைத் தடுக்க வழியில்லாததற்காகவும். கைபேசிக்காக நிறுவனம் மாறச் சொன்ன யோசனைக்கு என்னால் மதிப்பெண் தர இயலவில்லை. சென்ற வாரம் கைபேசிக்குக் கவர் வாங்க அதே கடைக்குப் போனபோது, அந்தத் தம்பி என் திரையைப் பார்த்துவிட்டு, “கடைசில மாத்திட்டீங்களா அண்ணாச்சி” என்றார். நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் தன் வீடு இருக்கும் மேலகரத்துக்கு எந்த நிறுவனம் சரிவரும் என்று கேட்டார். உங்கள் கைபேசியில் இரண்டாவது சிம் இடம் காலியாகத்தானே இருக்கிறது, ஒரு மாதம் போட்டுப் பாருங்கள் என்றேன்.